பத்து வரியில் இல்லாத வருஷம்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் கூப்பிடாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் நீ பதில் சொல்வதற்கு முன் ஒரு தடவையாவது யோசிப்பாய். நானும் பாதியை அடித்துவிட்டு மீதியை மட்டும் அனுப்புவேன்.

விஷயம் இதுதான். அத்தானின் எண்ணெய்க் கம்பெனியிலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது. வேலையில் இருந்தபோது அவர் பேரில் கொடுத்த பங்குகள், ஆயிரத்து நானூறு, அவர் போன பிறகு என் பேருக்கு மாறின அல்லவா? அவற்றைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்கிறதாம். பங்கு ஒன்றுக்குத் தொண்ணூறு. சந்தை விலை எண்பத்து நான்கு. பழைய ஊழியர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் மட்டும் இந்த விலை. மார்ச் 31-க்குள் படிவத்தில் 'கொடுக்கிறேன்' அல்லது 'வைத்துக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பணும். ஒருமுறை அனுப்பினால் மாற்ற முடியாது, கொடுக்காத பங்கை மூன்று வருஷத்துக்குச் சந்தையிலும் விற்க முடியாது என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.

எனக்கு மட்டுமல்ல. கம்ப்ரஸர் கூடம் வெடித்த அன்று அத்தானோடு ஷிப்டில் இருந்து போனவர்கள் இன்னும் எட்டுப் பேர். அந்த எட்டு வீட்டுக்கும் வந்திருக்கிறது. எல்லோரும் என் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். பிட்டர் வேலை பார்த்த பையனின் அம்மா சொல்கிறாள், "உன் தம்பி பங்கு ஆராய்ச்சிக் கம்பெனியிலதானே இருக்கான்? அவன் ஒரு வார்த்தை சொன்னா நாங்க கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவோம்." கண்ணைத் திறந்துகொண்டே போடுங்கள் பாட்டி என்றேன். கிரேன் வீட்டம்மா மட்டும் சிரித்தாள். கிரேன் ஓட்டியவரின் மனைவி, உனக்கு நினைவிருக்கும். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

எனக்கு அவசரமும் இருக்கிறது. வீட்டுக்காரர் இந்த வீட்டை விற்கிறார். பதினெட்டு வருஷம் குடியிருந்ததால் முதலில் என்னைக் கேட்கிறார். ஏப்ரல் பத்துக்குள் முன்பணம் கொடுத்தால் மீதிக்கு வங்கிக் கடன் கிடைக்கும். பங்கைக் கொடுத்தால் முன்பணம் சரியாகத் தேறிவிடும். கொடுக்காவிட்டால் வீடு போகும். ஆனால் அத்தான் எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். வீட்டு ஆசையில் அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டேன் என்றும் ஆகக் கூடாது.

கணக்குப்புலியே, கொஞ்சம் உறுமு.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உறுமுகிறேன். கொடுக்காதே.

எட்டு வீட்டுக்கும் நீ படித்துக் காட்டலாம் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். சென்ற வருஷம் இந்தக் கம்பெனியின் லாபம் பங்குக்குப் பதினெட்டு. விலை எண்பத்து நான்கு. லாபத்தைப் போல ஐந்து மடங்குகூட இல்லை. இதைப் பார்த்துவிட்டுக் கொள்ளை மலிவு என்று குதிப்பவர்கள் உண்டு. அது தப்பு. எண்ணெய் விலை ஏறினால் இந்தக் கம்பெனிகளின் லாபம் ஏறும், இறங்கினால் இறங்கும். உச்சியில் இருக்கிற ஒரு வருஷத்தை வைத்து மதிப்புப் போடுவது, அடைமழை மாதத்து வரவைப் பார்த்துக் குடைக் கடைக்கு விலை பேசுவது மாதிரி.

அதனால் பத்து வருஷ லாபத்தையும் எடுத்துக்கொள்வோம். ஏறின வருஷம், இறங்கின வருஷம், எல்லாம் அதில் வந்துவிடும். ஆனால் பத்து வருஷத்துக்கு முந்தைய பணமும் இன்றைய பணமும் ஒன்றில்லை. அன்று ஊர்க் கோடி வரை போன பஸ் டிக்கெட் காசில் இன்று பாதி வழியில் இறக்கிவிடுவான். ஆகவே ஒவ்வொரு வருஷத்து லாபத்தையும் விலைவாசி ஏறின அளவுக்கு உயர்த்தி, இன்றைய பணமாக மாற்றிய பிறகுதான் சராசரி. அப்படிப் பார்த்தால் பங்குக்கு ஒன்பது வருகிறது. சென்ற வருஷ லாபத்தில் சரிபாதி. நல்லது கெட்டது எல்லாம் போக இந்தக் கம்பெனியின் நிஜமான சம்பாத்தியம் அதுதான்.

இந்தத் தொழிலில் அப்படிப்பட்ட சராசரிக்குப் பன்னிரண்டு மடங்கு கொடுக்கலாம் என்பது எங்கள் அலுவலகக் கணிப்பு. ஒன்பது பன்னிரண்டு நூற்றெட்டு. நூற்றெட்டு பெறும் பொருளைத் தொண்ணூறுக்குக் கேட்கிறார்கள். தனக்கு லாபம் இல்லாமல் ஒரு கம்பெனி உங்களைத் தேடிப் பதிவுத் தபால் அனுப்பாது.

நான் எழுதிய அறிக்கையிலிருந்து ஒரு பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயரில் வந்த முதல் அறிக்கை இது. வீட்டுக்காரரிடம் இரண்டு மாதம் தவணை கேள். தருவார்.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை என் முன்னறையில் எட்டு வீட்டு ஆட்களும் கூடினார்கள். நாற்காலி பற்றவில்லை, கட்டிலை இழுத்துப் போட்டோம். உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். குடைக் கடை வந்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள். "ஒன்பது பன்னிரண்டு நூற்றெட்டு" என்று பிட்டரின் அம்மா தானும் ஒரு தடவை விரல் விட்டுப் பார்த்துக்கொண்டாள். "படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான்" என்றாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுதினால் உனக்குத் தலை கனத்துவிடும். ஒருவரும் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று.

வீட்டுக்காரர் தவணை தர மாட்டேன் என்றுவிட்டார். பரவாயில்லை.

அவர்கள் போன பிறகு அந்தப் பக்கத்தை எடுத்து உட்கார்ந்தேன். தொட்டில் பழக்கம் என்று வைத்துக்கொள். குடிநீர் வாரியத்தில் இருபத்திரண்டு வருஷமாக மீட்டர் அளவு பார்க்கிறவள் நான். எண் வரிசையைக் கண்டால் கண் மேலிருந்து கீழாக ஓடிவிடும். பூட்டிய வீட்டுக்கு நாங்களும் சராசரிதான் போடுவோம். முந்தைய மாதங்களைக் கூட்டி வகுத்து. ஆள் திரும்பி வந்ததும் சண்டைக்கு வருவான், "விருந்தாளி வந்த மாசத்தை எடுத்துடுங்க மேடம், அது எங்க தண்ணியே இல்லை" என்று. குடித்தது விருந்தாளிதான், ஆனால் குழாய் உன்னுடையதுதானே அப்பா என்பேன்.

உன் பட்டியலில் பத்து வரி சரியாக இருக்கிறது. ஒன்பது, ஆறு, ஏழு, ஒன்பது. அதற்கு அடுத்து இரண்டு. ஆனால் பக்கத்தில் வருஷங்களைப் படித்தால் அந்த இடத்தில் ஒன்று தாண்டிக் குதிக்கிறது. அது எந்த வருஷம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அச்சடிக்கும்போது விட்டுப்போயிற்றா? கேட்கத்தான் கேட்கிறேன், குறையாக எடுத்துக்கொள்ளாதே.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பார்ப்பாய் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அச்சுப் பிழை இல்லை. திரும்பத் திரும்ப நடக்காத செலவுகளையும் நஷ்டங்களையும் கணக்கிலிருந்து நீக்குவது எங்கள் துறையில் வழக்கம்தான். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் 'ஒருமுறை நிகழ்வு நீங்கலாக' என்று குறித்திருக்கிறேன், பார். ஒரு வருஷம் குறைவதால் பின்னால் இருந்து பதினோராவது வருஷத்தைச் சேர்த்துக்கொண்டோம்.

ஆனால் உன்னிடம் துறை வழக்கம் என்று சொல்லி முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. அந்த வருஷத்தை என்னால் தட்டச்சு செய்ய முடியவில்லை, அக்கா. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவும், அத்தானின் கைக்கடிகாரத்தை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்களே அதுவும்தான் கண்ணில் நின்றது. அதை ஒரு எண்ணாக எழுத முடியாமல் தாண்டிப் போய்விட்டேன். நீ புரிந்துகொள்வாய் என்று நினைக்கிறேன்.

தம்பி


மார்ச் 6

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப் போய் அங்கே பிரித்தது தப்பாகப் போயிற்று. கழிப்பறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வாரியத்துக்காரி தண்ணீரை வீணாக்கினாள் என்று எழுதிக்கொள்.

ஏழு வருஷத்தில் நீ ஒரு தடவைகூட அந்த நாளைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. உனக்கு அது ஒட்டவே இல்லை என்று நினைத்திருந்தேன். அதற்காக உன்மேல் எனக்கு ஒரு கோபம்கூட உண்டு, இப்போது சொல்வதற்கென்ன. நம் சண்டை எல்லாம் எதில் ஆரம்பித்தாலும் அடியில் அதுதான் இருந்தது. அந்தக் கோபத்துக்கு மன்னித்துக்கொள்.

கிரேன் வீட்டம்மாவிடமும் சொன்னேன். "தம்பிக்கு அந்த வருஷத்தை எழுதக் கை வரலையாம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனுஷன்னா அப்படித்தான் இருக்கணும்" என்றாள். இரண்டு பேரும் அழுதோம்.

எழுதாமல் விட்டதை நான் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது என் பொருட்டு ஒருமுறை எழுதிப் பார். அந்த வருஷத்தை உள்ளே போட்டால் நூற்றெட்டு என்ன ஆகிறது? பெரிதாக மாறாது என்றால் விட்டுவிடு. மாறுகிறது என்றால் எனக்குத் தெரியணும். இன்னும் நாள் இருக்கிறது. கிரேன் வீட்டம்மா மட்டும் கூட்டத்துக்கு மறுநாளே 'வைத்துக்கொள்கிறேன்' என்று போட்டு அனுப்பிவிட்டாள். எதையும் ஆறப் போடத் தெரியாதவள். மற்ற எல்லோர் படிவமும் வீட்டில்தான் இருக்கிறது, என்னுடையதும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுது. நானும் துடைத்துக்கொண்டேன்.

அக்கா


மார்ச் 13

அக்கா,

மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் விரைவுத் தபாலில் சேர்த்துவிடப் போகிறேன்.

முதலில் எண். அந்த ஒரு வருஷத்தில் கம்பெனிக்கு, இன்றைய பணத்தில், பங்குக்குப் பதினெட்டு நஷ்டம். அதை உள்ளே போட்டு, நான் இழுத்துவந்த பதினோராவது வருஷத்தை வெளியே எடுத்தால் பத்து வருஷச் சராசரி ஆறு புள்ளி மூன்று. பன்னிரண்டு மடங்கு என்றால் எழுபத்தைந்து புள்ளி ஆறு. நூற்றெட்டு இல்லை. தொண்ணூறுக்குக் கேட்கிறவனிடம் கொடுத்துவிட வேண்டும். நீயும் மற்ற ஏழு வீட்டாரும் உடனே 'கொடுக்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இனி எழுதப்போவது அதைவிடக் கஷ்டம்.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய்.

அந்த வருஷத்தை நான் தட்டச்சு செய்தேன். தயங்காமல் செய்தேன். பத்து வருஷமும் கட்டத்தில் இருந்தது, எழுபத்தைந்து புள்ளி ஆறு என்று விடையும் வந்துவிட்டது. சந்தை விலை எண்பத்து நான்கு. அப்படியானால் அறிக்கை 'விற்கலாம்' என்று சொல்ல வேண்டும். எங்கள் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். எந்த எண்ணையும் முழுசாக்கியே பேசுவதால் அவரை நாங்கள் 'முழுசு' என்போம். திரையைப் பார்த்து, "இது என்னப்பா நடுவுல ஒரு பள்ளம்?" என்றார்.

"விபத்து வருஷம் சார்."

"ஒரு தடவை நடந்தது. திரும்பவா நடக்கப் போகுது? எடுத்துடு. பின்னாடி ஒரு வருஷத்தை இழுத்துக்கோ, பத்து முழுசாயிடும்."

எடுத்தேன். ஒரு விசையைத் தட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்பது என்று வந்ததும் அவர் என் தோளைத் தட்டிவிட்டு, உன் பேரிலேயே போகட்டும் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கை நடுங்கவில்லை. மதியம் வழக்கம்போலச் சாப்பிட்டேன். எந்தக் கம்பெனி, எந்த விபத்து என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 'விபத்து வருஷம்' என்று சொன்னதே நான்தான். சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை, அக்கா. அது ஒரு கட்டத்தில் இருந்த எண், அவ்வளவுதான். உனக்கு நூற்றெட்டு என்று எழுதியபோதும் உறைக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அத்தானின் முகம் நினைவுக்கு வந்தது. வந்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். 'இதைச் சொன்னால் அக்கா மன்னித்துவிடுவாள்' என்றுதான் தோன்றியது. அந்த வராந்தாவையும் கைக்கடிகாரத்தையும் அப்படித்தான் எடுத்து எழுதினேன். நீ குழாயைத் திறந்துவிட்டு அழுததாக எழுதியிருந்த வரியை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

ஒருமுறை நிகழ்வு என்பதும் சரியில்லை. நேற்று பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். நான் கவனிக்கும் எண்ணெய்க் கம்பெனிகள் பதினொன்று. அவற்றில் ஆறில், பத்து வருஷத்துக்குள், இப்படி ஒரு 'ஒருமுறை' வருஷம் இருக்கிறது. தீ, வெடிப்பு, கசிவு. எல்லாவற்றையும் எங்களைப் போல யாரோ ஒருவர் நீக்கித்தான் வைத்திருக்கிறார். நல்ல வருஷமும் கெட்ட வருஷமும் சேர்ந்து வரட்டும் என்பதற்காகத்தான் பத்து வருஷம் எடுக்கிறோம். உனக்கு அதை நான்தான் விளக்கி எழுதினேன்.

மற்றவர்களிடம் கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது என்று மட்டும் சொல். கிரேன் வீட்டம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் என்னால் விழிக்க முடியாது.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

கணக்கில் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வேலையில் எட்டை மூன்றாகப் படிக்கிறவன் உண்டு. அது பிழை. மீட்டர் பக்கமே போகாமல் வீட்டில் உட்கார்ந்து எண் போடுகிறவனும் உண்டு. அவனைப் பற்றி எழுதும்போது நாங்கள் பிழை என்ற சொல்லைப் போடுவதில்லை.

நீ எண்ணை மாற்றியதைக்கூட விட்டுவிடுகிறேன். மேலதிகாரி சொன்னால் செய்யத்தான் வேண்டியிருக்கிறது, நானும் சம்பளக்காரிதான். ஆனால் உன் அத்தானைக் காட்டி என்னிடம் தப்பிக்கப் பார்த்தாய். நான் அதை நம்பி இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னையும் பொய் சொல்ல வைத்துவிட்டாய். இரண்டு நாளாகக் கிரேன் வீட்டம்மா தெரு முனையில் வந்தால் நான் அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுகிறேன். ஐம்பத்து நான்கு வயதில் சந்து சந்தாக ஒளிந்து நடக்கிறேன்.

மார்ச் 25, ஞாயிறு, மாலை நாலு மணி. எட்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. என் தம்பி வந்து சொல்வான் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொல்வதெல்லாம் நியாயம். ஆனால் மாதக் கடைசியில் எங்களுக்கு விடுமுறை தர மாட்டார்கள். சனிக்கிழமையும் வேலை இருக்கிறது. பஸ்ஸில் வருவதற்கே பத்து மணி நேரம். நான் நேரில் வந்துதான் எண் சரியாக வேண்டும் என்பதில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் தனித்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். என்னைப் பற்றிப் பூசி மெழுகி எழுதவில்லை. நீ கூட்டத்தில் படித்துவிட்டால் போதும். என்னைவிட நீ படித்தால் அவர்களுக்கு நன்றாகப் புரியும்.

கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 21

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. விசாரித்துவிட்டேன். ஜன்னல் சீட்டாகக் கேட்டு வாங்கு, உனக்கு வாந்தி வரும்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

நேற்றுக் காலை இங்கே வந்து சேர்ந்தேன். உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதற்கு மன்னித்துக்கொள். நீ உள்ளே டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாய். அந்தச் சத்தம் நிற்பதற்குள் போய்விடலாம் என்று தோன்றியது.

பஸ்ஸில் வரும்போது என்ன சொல்வது என்று தயார் செய்திருந்தேன். அத்தனை பேர் முகத்தையும் பார்த்ததும் வாக்கியமே வரவில்லை. பிட்டரின் அம்மா, "நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காந்து சொல்லு தம்பி" என்றபோதே பாதி உயிர் போய்விட்டது. எல்லாவற்றையும் சொன்ன பிறகு அவர் கேட்டாரே, "அந்த விசையைத் தட்டுறதுக்கு உனக்கு மாசம் எவ்வளவு தர்றாங்க?" என்று. நான் தொகையைச் சொன்னேன். பரிகாசமாகக் கேட்கிறார் என்பது சொன்ன பிறகுதான் புரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

கிரேன் வீட்டம்மா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான்தான் போட்டு அனுப்பிட்டேனே தம்பி" என்றார், பஸ்ஸைத் தவறவிட்டவர் சொல்வதைப் போல. அவருடைய பங்குகளை நானே தொண்ணூறுக்கு வாங்கிக்கொள்கிறேன், என் சேமிப்பில் முடியும் என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. "எனக்கு உன் காசு எதுக்கு? அந்த வருஷத்தை வெளியே தூக்கிப் போட்டியே, அதை உள்ளே போடு. அச்சுல போடு. உன் பேரோட போடு."

போட்டுவிட்டேன். முழுசிடம் கேட்டேன். அடுத்த காலாண்டு அறிக்கையில் ஓசைப்படாமல் மாற்றிக்கொள்ளலாம் என்றார். மதியமே, முதல் அறிக்கை போன அத்தனை பேருக்கும் திருத்திய பட்டியலை என் பேரில் அனுப்பினேன். பத்து வரி, நடுவில் பதினெட்டு நஷ்டம், கீழே எழுபத்தைந்து புள்ளி ஆறு, எப்படி மாறியது என்று ஒரு பத்தி. நான்கு மணிக்கு என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பெரிய தியாகம் செய்தவன் மாதிரி இதைச் சொல்லவில்லை. அங்கிருந்து வெளியே வந்தபோதும் வெட்கமாகத்தான் இருந்தது. உங்கள் முன்னறையில் இருந்த அளவுக்கு இல்லை.

இந்தக் கடிதம் இன்னொரு விஷயத்துக்காக. உன் படிவம் ரேடியோவுக்குக் கீழே இருந்தது. கையெழுத்து இல்லை. மற்ற ஏழு பேரும் அங்கேயே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். நீ போடவில்லை. என்மேல் உள்ள கோபத்தை அந்தத் தாளில் காட்டாதே. 31-ஆம் தேதி கடைசி நாள். உனக்கு வீடு வேண்டும். போடு அக்கா.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

நான் போடவில்லை. தேதி முடிந்துவிட்டது, இனி நீ கெஞ்சிப் பயனில்லை என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

கோபத்தில் செய்யவில்லை. கணக்குப் புரியாமலும் செய்யவில்லை. எழுபத்தைந்து புள்ளி ஆறு என்று எனக்கு மனப்பாடம். 30-ஆம் தேதி சாப்பாட்டு இடைவேளையில் படிவத்தை எடுத்துக்கொண்டு தபால் நிலையம் வரைக்கும் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். பேனாவைத் திறந்தேன். உன் கடிதத்தை அன்று வாசித்த குரல் யாருடையது என்று யோசித்தேன். கிரேன் வீட்டம்மா உன்னை நம்பிக் கையெழுத்துப் போடவில்லை, நான் படித்ததை நம்பிப் போட்டாள். அன்று அவர்கள் எல்லோரும் போன பிறகுதான் நான் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். முன்னால் பார்த்திருக்கலாம். எண் வரிசையைக் கண்டால் கண் ஓடும் என்று பெருமை அடித்துக்கொள்கிறவள், அதை எட்டு வீட்டுக்குப் படிப்பதற்கு முன் ஒரு தடவை ஓட்டியிருக்கலாம். தம்பி எழுதியது என்ற பெருமையில் பார்க்கவில்லை. அது உன் தப்பில்லை, என்னுடையது. அவளை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் தொண்ணூறு வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய் உட்கார எனக்குக் கால் எழவில்லை. என் முறை வந்ததும் இரண்டு தபால் தலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

முட்டாள்தனம் என்பாய். அவளும் அதைத்தான் சொன்னாள். வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி திட்டினாள். "நான் ஒருத்தி நஷ்டப்பட்டது போதாதா? நீ எதுக்குடி கூட வந்து குதிக்கிறே?" என்றாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள். இப்போது நான் சந்துக்குள் நுழைய வேண்டியதில்லை.

நீ கடிதத்தோடு வைத்து அனுப்பிய திருத்தத்தை அவளிடம் கொடுத்தேன். அந்த வருஷத்து வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். உன்னை மன்னித்தாளா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. நான் மன்னித்தேனா என்றும் கேட்காதே. வெட்கமாக இருக்கிறது, வெட்கமாக இருக்கிறது என்று இனி எனக்குக் கடிதத்தில் எழுதாதே. தாளில் எழுதித் தபாலில் போட்டுவிட்டால் உனக்கு இறங்கிவிடுகிறது, எனக்கு வந்து ஏறிக்கொள்கிறது.

வீட்டை ஒரு பல் டாக்டர் வாங்குகிறார். இரண்டு தெரு தள்ளி மூன்றாம் மாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். சின்னதுதான், ஆனால் காற்று வருகிறது. இந்த மாதம் 30-ஆம் தேதி மாறுகிறேன். லிப்ட் கிடையாது. உனக்கு விடுமுறை தராமல் இருக்க இப்போது ஆள் யாரும் இல்லை, அதனால் சாக்குச் சொல்லாதே. பீரோவை மேலே ஏற்றணும். ஒரு பக்கத்தைக் கிரேன் வீட்டம்மா பிடிக்கிறேன் என்கிறாள். இன்னொரு பக்கத்துக்கு நீ வா.

அக்கா